மோட்டார் போட்டால் விழும் பனி

"உங்களுக்கு இன்ஸ்பிரேஷன் எங்கேருந்து வருது மேடம்?" என்று எவராவது கேட்டுவிட்டால் போதும், சில்லுவுக்கு உச்சந்தலைவரை சூடு ஏறிவிடும். கேட்டவர் நல்ல மனுஷராகத்தான் இருப்பார். தலையைச் சாய்த்து, கண்ணைப் பாதி மூடி, பதிலை வாங்கி நெஞ்சில் வைத்துக்கொள்ளத் தயாராக நிற்பார். சில்லுவுக்கோ, கையிலிருக்கும் கண்ணாடி வெட்டியால் அவர் மேல் நேராக ஒரு கோடு கிழித்து, தட்டி, இரண்டாக எடுத்துவிடலாமா என்று தோன்றும்.

சில்லு அவள் பெயர் அல்ல. சின்ன வயதில் வீட்டிலிருந்த ஒரே முகம் பார்க்கும் கண்ணாடியை உடைத்துவிட்டு, "உடைக்கல, நிறைய ஆக்கியிருக்கேன்" என்று சொன்னாளாம். அன்றைக்கு அண்ணன் வைத்த பெயர். நாற்பதைத் தாண்டியும் பெயர் தேயவில்லை. தொழிலும் அதே தொழில்தான்: நிறைய ஆக்குவது. வண்ணக் கண்ணாடித் தகடுகளைத் துண்டு துண்டாக வெட்டி, இண்டும் இடுக்கும் இல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி, எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத பெரிய தகடு ஒன்றைப் போர்வை மாதிரி மூடி, கரண்டுச் சூளைக்குள் வைத்துவிடுவாள். உள்ளே எல்லாம் இளகி, ஒன்றையொன்று கட்டிப்பிடித்து, ஒரே பலகையாகிவிடும். மனிதர்களை அப்படிச் செய்ய முடியாது என்பதால்தான் கண்ணாடியைச் செய்கிறாள் என்று அண்ணி சொல்வாள். அண்ணி அவ்வப்போது இப்படி ஏதாவது சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போய்விடுவாள்.

வருஷாவருஷம் வட்டாரக் கண்ணாடிக் கலைஞர்கள் கண்காட்சி ஒன்று நடக்கும். ஒவ்வொரு படைப்பின் பக்கத்திலும் ஓர் அட்டை வைப்பார்கள். அதில் 'இதன் பின்னால் இருக்கும் உந்துதல்' என்று அச்சடித்து, கீழே காலியாக விட்டிருப்பார்கள். பச்சைப் பாட்டில்களை உருக்கி மீன் செய்கிற மீன்காரர் அதில் தவறாமல் 'கடல்' என்று எழுதுவார். மீன்காரருக்கு முழங்கால் தண்ணீரைப் பார்த்தாலே மயக்கம் வரும். பாட்டில் கழுத்தை நெருப்பில் காட்டினால் அதுவாகவே மீன் வாய் மாதிரி திறந்துகொள்கிறது, அவ்வளவுதான் விஷயம். கண்ணாடிக் குச்சியை விளக்கில் உருக்கிப் பறவை செய்கிற டீச்சர் 'சுதந்திரம்' என்று எழுதுவாள். அவள் முதலில் இலைதான் செய்யப் பார்த்தாள். இலை தொங்கிப்போய் இறக்கையாகிவிட்டது. தொங்கியதற்குப் பெயர் சுதந்திரம் என்றால் சில்லுவின் திரைச்சீலைகூட விடுதலைப் போராளிதான்.

சில்லு மட்டும் அந்தக் கோட்டில் 'ஒன்றுமில்லை' என்று எழுதிக் கொடுப்பாள். அது பொய்யும் இல்லை. நீலத்துக்குப் பக்கத்தில் பச்சை நன்றாயிருந்தது, வைத்தாள். இதில் உந்துவதற்கு என்ன இருக்கிறது? ஆனால் 'ஒன்றுமில்லை' என்று எழுதுகிறவளை நடு மண்டபத்தில் யார் மாட்டுவார்கள்? அவளுடைய பலகை எப்போதும் கழிப்பறைக்குப் போகிற நடையில்தான் தொங்கும். அவசரமாகப் போகிறவன் பார்க்கமாட்டான். நிம்மதியாகத் திரும்பி வருகிறவன் பார்ப்பான். ஆனால் ஈரக்கையோடு தொட்டுப் பார்ப்பான்.

அதுகூடப் பரவாயில்லை. அவளுடைய உண்மையான தலைவலி மாடியில் இருந்தது. அதற்கு மூக்கும் மீசையும் உண்டு.

வீட்டை அப்பா பிரித்துக் கொடுத்துவிட்டுத்தான் போனார். கீழ்த்தளம் மகளுக்கு, மேல்தளம் மகனுக்கு. தண்ணீர்த் தொட்டியையும் கரண்டையும் மட்டும் பிரிக்க மறந்துவிட்டார். இது மறதியா, அல்லது இரண்டு பேரும் பேசாமல் இருந்துவிடக்கூடாது என்று செய்த வேலையா என்பது அவருக்கே வெளிச்சம். சில்லுவின் சூளையும் அண்ணனின் தண்ணீர் மோட்டாரும் ஒரே கம்பியில் தொங்கின. மோட்டார் ஓட ஆரம்பித்தால் கீழே பல்பு தூங்கி வழியும். மின்விசிறி, 'நான் இன்னும் சுற்றத்தான் வேண்டுமா' என்று கேட்கும். சூளை மூச்சு வாங்கும்.

கண்ணாடிக்கு ஒரு வியாதி உண்டு. எழுநூறு டிகிரிக்குக் கொஞ்சம் மேலே ஒரு கண்டம் இருக்கிறது. அந்த இடத்தில் அதிக நேரம் நின்றுவிட்டால் மேல்தோல் பால் பூத்துவிடும். பளபளப்பு போய், மூச்சு ஊதின கண்ணாடி மாதிரி மங்கிவிடும். அந்த மங்கலைத்தான் சில்லு பனி என்பாள், பல்லைக் கடித்துக்கொண்டு. கண்ணாடி அந்தக் கண்டத்தைக் கடப்பது, நாய் படுத்திருக்கும் தெருவை நாம் கடப்பது மாதிரி. போய்க்கொண்டே இருந்தால் ஒன்றுமில்லை, நின்றால் கடிக்கும்.

அண்ணனுக்குச் சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் குளிக்கத் தோன்றும்.

"அண்ணே! மோட்டாரை நிறுத்து!"

"சோப்பு போட்டுட்டேன் சில்லு!"

"உடம்புல போட்டியா, மூளையில போட்டியா? நிறுத்துண்ணே!"

"சோப்போட எவ்வளவு நேரம் நிக்கச் சொல்ற?"

"நில்லேன்! என் கண்ணாடி நிக்குதுல்ல எழுநூறுல!"

இந்த உரையாடல் அந்தத் தெருவுக்கு மனப்பாடம். பக்கத்து டயர்க்கடைக்காரர், சில்லு ஆரம்பித்தால் அண்ணன் வசனத்தை அவரே முடித்துவிடுவார்.

அண்ணன் தையல் மெஷின் ரிப்பேர்காரர். அவர் கை எப்போதும் எண்ணெயாகவே இருக்கும். அவர் கொடுக்கும் டீ டம்ளர் வழுக்கும். அவர் புரட்டிய பேப்பரில் அந்தப் பக்கச் செய்தி இந்தப் பக்கம் தெரியும். தெருவில் அவருக்கு எண்ணெய்க்கை என்றே பெயர். ஆனால் ஆள் உதவிக்கு ஓடி வருவார். அதுதான் பிரச்சினை. சில்லுவுக்குத் தோள் வலி உண்டு. படிக்கட்டுக்கு அடியில் சாத்தி வைத்திருக்கும் பெரிய மேல்தகட்டை அவளால் தனியாகத் தூக்க முடியாது. கூப்பிடுவதற்கு முன்பே அண்ணன் வந்து இரண்டு உள்ளங்கையையும் நட்டநடுவில் அப்பித் தூக்குவார்.

"விளிம்பைப் பிடிண்ணே! நடுவுல கை வைக்காத!"

"விளிம்பு அறுக்குது சில்லு."

"அதுக்குப் பேர்தான் கண்ணாடி!"

அவர் வைத்துவிட்டுப் போனதும் அவள் துணியை எடுத்து, கறுவிக்கொண்டே, அரைவட்டம் அரைவட்டமாகத் தேய்தேய் என்று தேய்ப்பாள். தையல் மெஷின் எண்ணெய் தண்ணீர் மாதிரி தெளிவானது. போய்விட்டது என்று நினைத்துக்கொள்வாள்.

இந்த வருஷம் கண்காட்சிக்காக ஒரு பலகை செய்தாள். நீலமும் பச்சையும் சாம்பலும் கட்டம் கட்டமாக, கோடு போட்ட மாதிரி சுத்தமாக. எப்படியாவது அந்தக் கழிப்பறை நடையிலிருந்து வெளியே வந்துவிட வேண்டும் என்று ஒவ்வொரு துண்டாகத் தேர்ந்தெடுத்து அடுக்கியது. மேல்தகட்டை வழக்கம்போல அண்ணன் தூக்கி வைத்தார், இவள் வழக்கம்போலத் தேய்த்தாள். சூளை எழுநூறைத் தொட்டது. பல்பு தூங்கி வழிந்தது. மாடியில் வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

மறுநாள் சூளை ஆறியதும் மூடியைத் தூக்கினாள். பலகையின் மேல் பாதிக்குப் பாதி பனி. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். இந்தத் தாழி உடையக்கூட இல்லை, அசிங்கமாய் அப்படியே இருந்தது. வெளியே எடுத்த வேகத்தில் மூலையை மேஜையில் இடித்து, உடைக்கவும் உடைத்துவிட்டாள்.

படியில் ஏறிப் போனாள். அண்ணன் ஒரு மெஷினைக் குப்புறப் போட்டு அதன் வயிற்றுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"திருப்தியா? உனக்குத் திருப்தியா இப்போ?"

"என்னாச்சு சில்லு?"

"நீ பக்கத்துல வந்தா எதுதான் உருப்பட்டிருக்கு? என் கண்ணாடி உருப்பட்டுச்சா? உன் கடைதான் உருப்பட்டுச்சா?"

சொன்ன பிறகுதான் கடைசி வாக்கியம் தன் வாயிலிருந்து வந்தது அவளுக்கே தெரிந்தது. அண்ணனுக்குக் கடைத்தெருவில் ஒரு கடை இருந்தது. கட்டடத்தை இடித்து வண்டி நிறுத்துமிடம் ஆக்கினார்கள். பெயர்ப்பலகையைக் கழற்றி எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்தவர், அதைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்தக் கடைப் பலகை இப்போதும் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது, எழுத்து கீழ்ப்பக்கமாக.

அவர் மெஷினை நிமிர்த்தி வைத்தார். கையைத் துணியில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். சில்லு இறங்கி வந்துவிட்டாள்.

மறுநாள் காலையில் எலெக்ட்ரீஷியன் வந்து மோட்டாருக்குத் தனிக் கம்பி இழுத்தார். இத்தனை வருஷம் தொண்டை கிழியக் கத்தியும் நடக்காதது ஒரே காலையில் நடந்துவிட்டது. கூடவே இன்னொன்றும் நடந்தது. அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டார். கீழே எட்டிப் பார்ப்பதில்லை. கண்ணாடி தூக்க வருவதில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அண்ணி வழியாகச் சொன்னார். மூன்று பேரும் ஒரே படிக்கட்டில் நிற்கும்போதும்.

"தொட்டி நிரம்பிடுச்சான்னு அவங்களைக் கேளு."

"வழியுதுன்னு சொல்லுங்க அண்ணி."

"ஏன், நான் என்ன டெலிபோன் கம்பியா?" என்றாள் அண்ணி. "ஒருத்தர் மூச்சு ஒருத்தர் மேல படுது, நடுவுல நான் எதுக்கு?"

இரண்டு பேரும் சுவரைப் பார்த்தார்கள். சுவர் நல்ல சுவர். எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டது.

இப்படி இருக்கையில்தான் கண்காட்சிக்காரர் வந்தார். சின்னப் பையன்தான், வட்டக் கண்ணாடி போட்டவர், எதைப் பார்த்தாலும் ஒரு அடி பின்னால் போய்ப் பார்க்கிறவர். சில்லுவின் பட்டறையில் பின்னால் போக இடம் கிடையாது. முதல் அடியிலேயே குப்பைக்கூடையில் இடித்துக்கொண்டார். கூடைக்கு மூடியாகப் போட்டிருந்த பலகை சரிந்தது. அதுதான் பனி விழுந்த பலகை. கையில் எடுத்தவர் ஜன்னல் பக்கம் திருப்பினார்.

"மேடம்..."

"அது குப்பை தம்பி. கை அறுத்துக்கப்போறீங்க, வைங்க."

"மலை," என்றார் அவர். "மலை மேல பனி இறங்குது. அதோ, அங்க ஒரு ஆறு வளைஞ்சு போகுது. இதை எப்படி மேடம்..."

"எந்த ஆறு?"

"இதோ, ஓரமா, கோணலா. எவ்வளவு தைரியமான கோடு!"

சில்லு பார்த்தாள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஒருவர் குளித்த குளியல்தான்.

அவர் விடவில்லை. நுழைவாயில் மண்டபத்தில் ஒரு பெரிய ஜன்னல் இருக்கிறதாம். உள்ளே வருகிற எல்லோரும் முதலில் அதைத்தான் பார்ப்பார்களாம். மூலை உடைந்த இது சின்னது. இதே பனி, இதே மாதிரி, இதைவிடப் பெரிதாக ஒன்று செய்து கொடுத்தால் அந்த ஜன்னல் அவளுக்கு. கண்காட்சி தொடங்க மூன்று வாரம் இருக்கிறது.

"முடியும்தானே மேடம்?"

நுழைவாயில். கழிப்பறை நடையிலிருந்து நேராக நுழைவாயில். சில்லுவின் வாய், மூளையைக் கேட்காமலே, "அதென்ன, செஞ்சுட்டாப் போச்சு," என்றது.

"அட்டைக்கு மட்டும், மேடம், இந்தத் தடவை 'ஒன்றுமில்லை' வேண்டாமே. இன்ஸ்பிரேஷன் என்னன்னு..."

"போயிட்டு வாங்க தம்பி."

இத்தனை வருஷமாக வராதே வராதே என்று விரட்டிய பனியை இனி வா வா என்று கூப்பிட வேண்டும். சிரிப்பு வரவேண்டிய இடம். அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. ஆனாலும் பயமில்லை. பனி ஏன் விழுகிறது என்று அவளுக்குத் தெரியாதா? சூளை மெதுவாக ஏறினால் விழும். அதற்கு அண்ணன் குளிக்க வேண்டியதில்லை. சூளையின் பொத்தானை அழுத்தி, 'எழுநூறில் ஊர்ந்து போ' என்று சொன்னால் அது கேட்கும். அண்ணனைவிட அதிகமாகவே கேட்கும்.

டயர்க்கடைக்காரர் கையுறை போட்டுக்கொண்டு வந்து, விளிம்பைப் பிடித்து, மேல்தகட்டை அழகாகத் தூக்கி வைத்தார். அவள் மென்மையாகத் துடைத்தாள். சூளை ஊர்ந்தது.

பனி விழுந்தது. ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை, ஒரே சீராக, கண்புரை விழுந்த கண் மாதிரி. மலையும் இல்லை, ஆறும் இல்லை. மாவுக்கரைசலை ஊற்றிவிட்டு மறந்துபோன மாதிரி இருந்தது. இன்னும் மெதுவாக ஓட்டினாள். இன்னும் கெட்டியான மாவு. கொஞ்சம் வேகமாக ஓட்டினாள். பளபளவென்று, பனியே இல்லாமல், கழிப்பறை நடைக்குத் தகுந்த பலகையாக வந்து நின்றது. வீணானதை உடைத்துப் போடும் பெட்டி நிறைந்தது. கைவசம் இருந்த பெரிய தகடு இன்னும் ஒன்றே ஒன்று. புதிது வர ஒரு மாதமாகும். கண்காட்சி அதற்குள் முடிந்துவிடும்.

"நான் கத்தினதுக்கெல்லாம் பழி வாங்குது," என்று டயர்க்கடைக்காரரிடம் சொன்னாள்.

"எது?"

"மோட்டார்."

அவர் ஒரு டயரை உருட்டிக்கொண்டு மெல்ல நகர்ந்துவிட்டார்.

மறுநாள் காலை வெயில் ஜன்னல் வழியாகச் சாய்வாக விழுந்தபோது அவள் பழைய பலகையைத் தூக்கிப் பிடித்தாள். எத்தனையாவது தடவை என்று தெரியாது. 'அப்படி என்னடா இருக்கு உன்கிட்ட' என்று திட்டிக்கொண்டே, கொஞ்சம் சாய்த்தாள்.

மலை ஒன்றல்ல. நான்கு முகடுகள், பக்கத்தில் பக்கத்தில். கீழே அகலமாக ஒரு பள்ளத்தாக்கு. ஓரமாக, மற்ற நான்கையும் விட்டு வெளியே கோணிக்கொண்டு ஓடும் ஆறு.

சில்லு தன் உள்ளங்கையை அதன் மேல் வைத்துப் பார்த்தாள். அவள் கை சின்னது, உள்ளே தொலைந்துபோயிற்று. சுண்டுவிரல் மட்டும் எப்படி வைத்தாலும் ஆற்றோடு பொருந்தவில்லை. அப்படிக் கோணிய சுண்டுவிரல் அவளுக்குத் தெரிந்து உலகத்தில் ஒருவருக்குத்தான் உண்டு. சின்ன வயதில் அவள் கோபித்துக்கொண்டு சாத்திய கதவில் நசுங்கியது. 'நானேதான் நசுக்கிக்கிட்டேன்' என்று அப்பாவிடம் சொல்லி, அதற்கும் ஓர் அடி வாங்கியவர்.

ஆக, எண்ணெய். அவள் துடைத்தும் போகாத எண்ணெய். அது எங்கே இருந்ததோ அங்கே பனி முதலில் பிடித்திருக்கிறது. முகடுகளைச் சுற்றி மேகம் மாதிரி சுழலும் அரைவட்டங்கள் இருக்கின்றனவே, கண்காட்சிக்காரர் ஜன்னல் பக்கம் திருப்பித் திருப்பி ரசித்தாரே, அது அவள் துணி. பல்லைக் கடித்துக்கொண்டு அவள் தேய்த்த தேய்ப்பு. அவர் கையும் இவள் கோபமும் சேர்ந்துதான் மலையும் பனியும். டயர்க்கடைக்காரர் எவ்வளவு நேர்த்தியாகத் தூக்கினாலும் வருமா?

"அடப்பாவி அண்ணா," என்றாள் சில்லு, காலியான பட்டறையைப் பார்த்து.

படி ஏறுவதற்குள் மூன்று தடவை திரும்பி வந்தாள். ஒரு தடவை தண்ணீர் குடிக்க, ஒரு தடவை சூளை அணைந்திருக்கிறதா என்று பார்க்க, ஒரு தடவை சும்மா. திட்டுவதற்கு ஏறும்போது இந்தப் படி இவ்வளவு உயரமாக இருந்ததில்லை.

அண்ணன் மெஷினுக்குள் தலையை விட்டிருந்தார். அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, ஒரு கண்ணாடி தூக்கணும்."

அண்ணன் மெஷினிடமே பேசினார். "டயர்க்கடைக்காரர் ஊர்ல இல்லையான்னு கேளு."

"இருக்கார்," என்றாள் சில்லு. "அவர் சரியா தூக்குறார். அதான் சரிவரல."

மெஷினுக்குள்ளிருந்து தலை வெளியே வந்தது.

"போங்களேன்," என்றாள் அண்ணி. "அதுக்காகத்தானே வாங்கி மாட்டி வச்சிருக்கு." ஆணியைக் காட்டினாள். அங்கே ஒரு ஜோடி வெள்ளைக் கையுறை தொங்கிக்கொண்டிருந்தது. புத்தம் புதிது, விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை. "சண்டை போட்ட மறுநாளே வாங்கிட்டு வந்தாரு. நீ கூப்பிடவே இல்ல."

சில்லு அந்தக் கையுறையைப் பார்க்காத மாதிரி பார்த்தாள். பிறகு கதவைப் பார்த்தாள்.

அண்ணன் கையுறையை மாட்டிக்கொண்டு, ஆபரேஷனுக்குப் போகிற டாக்டர் மாதிரி இரண்டு கையையும் உயர்த்திப் பிடித்தபடி இறங்கி வந்தார். அண்ணி வேடிக்கை பார்க்கப் பின்னாலேயே வந்தாள். கடைசித் தகட்டை விளிம்பில், விரல் நுனியால், குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கினார்.

"கையுறையைக் கழட்டு."

"எதுக்கு? அப்புறம் கத்துறதுக்கா?"

"கத்தமாட்டேன். கழட்டு. நடுவுல கை வை."

அண்ணன் தகட்டைத் திரும்பச் சாத்திவிட்டு மனைவியைப் பார்த்தார். "இவளுக்கு ஏதோ ஆயிடுச்சு. டாக்டருக்குப் போன் பண்ணு."

"வைங்கிறேன்ல! நட்டநடுவுல, எப்பவும் வைப்பியே, அப்படி!"

கழற்றினார். வைத்தார். சில்லு குனிந்து சாய்வாகப் பார்த்தாள். ஒரு தடமும் இல்லை.

"எண்ணெய் எங்க?"

"கழுவிட்டேன். இப்பல்லாம் சோப்பு போட்டு அடிக்கடி கழுவுறேன். நீதானே..."

"யார் கழுவச் சொன்னா உன்னை? போய் ஒரு மெஷினைக் கழட்டிட்டு வா!"

அண்ணன் நடந்துகொள்ள வேண்டிய முறையை உலகம் தினமும் மாற்றிக்கொண்டிருக்கிறது என்கிற முகத்தோடு மேலே போனார். திரும்பி வரும்போது கை மினுங்கியது. உள்ளங்கை இரண்டையும் தகட்டில் அப்பித் தூக்கினார். அப்படியே, அவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமும் இவள் இந்தப் பக்கமும் நிற்கையில், சில்லு அவர் சுண்டுவிரலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அன்னிக்கு, கடையைப் பத்திச் சொன்னது..."

"எங்க வைக்கணும்னு சொல்லு சில்லு. கை வலிக்குது."

மறுபடியும் 'சில்லு' என்றுவிட்டார். அண்ணி அடுக்கிவைத்த வண்ணத் துண்டுகள் பக்கம் திரும்பி, மூக்கை உறிஞ்சினாள்.

தகடு போர்வையாக மேலே இறங்கியது. இனி துடைக்க வேண்டும். சில்லு துணியை எடுத்தாள். துடைத்தாள். துணி மெத்து மெத்தென்று போயிற்று. தாலாட்டுப் பாடலாம், அப்படி ஒரு துடைப்பு.

"இது இல்ல," என்றாள். நிறுத்தினாள். "வரமாட்டேங்குது."

"என்ன வரல?"

"கோபம்."

அண்ணனும் அண்ணியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"உனக்கா?" என்றாள் அண்ணி.

"சிரிக்காதீங்க அண்ணி. கோபமா துடைச்சாத்தான் அந்தச் சுழி வரும். இது கடைசித் தகடு."

அண்ணன் கொஞ்சம் யோசித்தார். உதவிக்கு ஓடி வருகிற மனுஷர் இல்லையா? "இந்தப் பச்சை ஏன் இப்படி வாந்தி எடுத்த மாதிரி இருக்கு?" என்று கேட்டுப் பார்த்தார்.

"நல்லா முயற்சி பண்ற. ஆனா பத்தல."

"உன் மீன்காரர் உன்னைவிட நல்லா..."

"அண்ணே, நடிக்காத. உனக்கு வராது."

அவர் தலையைச் சொறிந்தார். சொறிந்த இடத்தில் முடி எண்ணெயில் படிந்தது. அப்போதுதான் எதுவோ ஞாபகம் வந்த மாதிரி முகம் மாறியது.

"சில்லு."

"என்ன?"

"மேல போனேன்ல, எண்ணெய் எடுக்க. அப்படியே மோட்டாரையும் போட்டுட்டு வந்தேன்."

"சரி."

"தொட்டி காலையிலேயே நிரம்பிடுச்சுன்னு நெனைக்கிறேன்."

சொல்லி வாய் மூடவில்லை. மேலேயிருந்து தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. தொட்டி வழிந்து, மாடிச் சுவரில் இறங்கி, பட்டறைக்கு வெளியே அவள் கழுவிக் காயப்போட்டிருந்த வண்ணத் துண்டுகள் மேல், சிவப்பு தனி மஞ்சள் தனி என்று முந்தின நாள் முழுவதும் உட்கார்ந்து பிரித்த துண்டுகள் மேல், அருவியாக விழுந்தது. டயர்க்கடைப் பக்கமாகச் சிவப்பும் மஞ்சளும் கைகோத்துக்கொண்டு தண்ணீரோடு சறுக்கிப் போயின.

"அண்ணே!"

"நான் போய் நிறுத்திடறேன்..."

"எத்தனை தடவை சொல்லியிருக்கேன்! எத்தனை தடவை! மூளைன்னு ஒண்ணு இருக்கா, அதையும் கழட்டி எண்ணெயில ஊறப்போட்டுட்டியா! காலையில நிரம்பின தொட்டிக்கு எவனாவது மறுபடியும்..."

கை தன் பாட்டுக்குத் துணியைத் தேய்த்துக்கொண்டிருந்தது. அரைவட்டம், அரைவட்டம், இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே. அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு தகட்டைக் காட்டினாள். சில்லு குனிந்தாள். வெயிலில் சாய்வாகப் பார்த்தால் தெரிகிற மாதிரி, முகடுகளைச் சுற்றி மேகம்.

"நில்லு, மோட்டாரை நிறுத்தாத," என்று கத்தினாள். பிறகு, "ஐயோ நிறுத்து, என் மஞ்சள்!" என்றாள். இரண்டையும் கேட்ட அண்ணன் படியில் நடுவில் நின்றுகொண்டிருந்தார்.

கண்காட்சி தொடங்கிய அன்று நுழைவாயில் ஜன்னலில் பலகை நின்றது. காலை வெயில் பின்னாலிருந்து வர, நீலத்துக்கும் பச்சைக்கும் மேலே பனி இறங்கியது. உள்ளே வருகிறவர்கள் வாசலிலேயே தேங்கினார்கள். கண்காட்சிக்காரர் ஓரடி, இன்னும் ஓரடி என்று பின்னால் போய்ப்போய்த் தெருவுக்கே போய்விட்டார். மீன்காரர் வந்து பார்த்துவிட்டு, "கடலா?" என்று கேட்டார். அவருக்கு எல்லாம் கடல்.

பக்கத்தில் அட்டை. 'இதன் பின்னால் இருக்கும் உந்துதல்.' அதன் கீழே சில்லுவின் கோணல் எழுத்தில் இரண்டே சொற்கள்: 'என் அண்ணன்.'

எழுதும்போது அவள் அதிகம் யோசிக்கவில்லை. கேட்டார்கள், உண்மையைச் சொன்னாள். ஆனால் அட்டையைப் படித்தவர்கள் எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். பனியைப் பார்த்தார்கள், அட்டையைப் பார்த்தார்கள், பெருமூச்சு விட்டார்கள். பட்டுப் பை வைத்திருந்த ஒரு அம்மா சில்லுவின் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

"எவ்வளவு நேசிச்சிருந்தா இப்படி ஒண்ணு வரும்! எப்பம்மா தவறினார்?"

சில்லு வாயைத் திறப்பதற்குள், சட்டைப் பொத்தானெல்லாம் சரியாகப் போட்டு, தலை வாரி, ஒரு கையில் டீயோடு வந்த ஒருவர் ஜன்னல் முன்னால் நின்றார். அண்ணியைக் கூப்பிட்டார். "இங்க பாரு, இங்க பாரு, இந்த ஆறு இருக்குல்ல, இது யார் விரல்ங்கற?" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே, காட்டுவதற்கு வசதியாக, உள்ளங்கையை அப்படியே கண்ணாடியின் நட்டநடுவில் அப்பினார்.

"விளிம்பைப் பிடிண்ணே!" என்ற கத்தலில் மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "நடுவுல கை வைக்காத!"

சில்லு பையிலிருந்து துணியை உருவிக்கொண்டு ஓடினாள். பட்டுப் பை அம்மா, எண்ணெய்த் தடத்தையும் அதன் பின்னால் நின்ற மீசையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இவரா? உயிரோடவா இருக்கார்?"

"அதுதாங்க பிரச்சினையே," என்றாள் சில்லு, தேய்த்துக்கொண்டே.